அண்ணன் ஜெயித்த அப்பீல்

ஜப்பான்காரன் காலத்தில் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த தமிழன் மலாக்காவிலேயே ஒருவர்தான் என்று என் அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் அவரேதான். மற்றவர்களெல்லாம் ஜப்பான்காரன் தொப்பி தெரிந்தாலே ஓரமாக ஒதுங்கி நின்று இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தபோது, இவர் அவனுடைய வரியை எதிர்த்து அப்பீல் போட்டார். அதில் ஜெயிக்கவும் செய்தார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, எங்கே உட்கார்ந்தாலும் வெற்றிலையை மடித்துக்கொண்டே இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். எதைக் கொடுத்து ஜெயித்தார் என்கிற பகுதி மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

அண்ணனை ‘அவர்’ என்று எழுதுவது பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்குக் காஜா பேராங்கில் ஒரு எண்ணெய்ச் செக்கு இருந்தது. அப்பா வைத்தது. வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை, அதற்குள் மரச்செக்கு, மாற்றி மாற்றிப் பூட்ட ஒரு ஜோடி மாடு. கொப்பரை கிளேபாங் பக்கத்திலிருந்து வண்டியில் வரும். எண்ணெய் தெங்கேராவில் சீனர் கடைகளுக்கும், மலாய் பேசும் செட்டிகள் குடியிருந்த பக்கத்துச் செட்டி கம்போங் வீடுகளுக்கும், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருக்கிற பிள்ளையார் கோயில் விளக்குக்கும் போகும். அப்பாவும் அம்மாவும் ஜப்பான் சண்டைக்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணன், அண்ணி, நான், எனக்குப் பின் பிறந்த தம்பி. வீடு அவ்வளவுதான்.

கொட்டகையில் இன்னொருவன் இருந்தான், செக்கு ஓட்டுகிறவன். அவனை ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன். வெளியே எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவனை அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் என்னவென்று கூப்பிட முடியும்? இருமுவோம், பாத்திரத்தைத் தட்டுவோம். அவனும் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் அம்மா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. தோட்டத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். அப்பா போய் அவனைக் கூட்டிவந்து கொட்டகையில் விட்டார். எனக்கு அத்தை மகன் முறை. அண்ணனை மச்சான் என்பான். என்னை அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார். “தை பொறக்கட்டும்” என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். தை பிறந்தது, போனது, மறுபடி பிறந்தது, அதற்குள் சண்டையும் வந்துவிட்டது.

அவன் மாட்டோடு பேசுவான், மனிதர்களோடு பேச மாட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் வழிகிற எண்ணெயைக் கொட்டாங்கச்சியில் பிடித்து அடுப்படிப் படியில் வைத்துவிட்டுப் போவான். என் தலைக்கு. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கு முன்னாடியே சீர் வரிசை வருது பாரு” என்பாள். அவள் வாயில் நல்லதாக வந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு மண்ணெண்ணெய் இல்லை, சோப்பு இல்லை. விளக்குக்கும் சோப்புக்கும் சமையலுக்கும் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான் என்றாகிவிட்டது. ஊர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தது. எங்கள் செக்கு மட்டும் ஓயாமல் சுற்றியது. பின்வாசல் வழியாக எண்ணெய் வெளியே போகும், அரிசி உள்ளே வரும். நாங்கள் சோறு தின்றோம். அதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் பட்டினி கிடந்தவள் இல்லை.

அப்போதுதான் கிலாங் வரி வந்தது. கிலாங் என்றால் தொழிற்சாலை. வெளியாளை வேலைக்கு வைத்துப் பொருள் செய்கிற இடமெல்லாம் கிலாங், குடும்பத்தார் மட்டும் வேலை செய்தால் கிலாங் இல்லை என்று ஆணை போட்டார்கள். வரி ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்தான். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, மாட்டின் பின்னால் நடந்துகொண்டிருந்தவனைக் காட்டி, “இது யாரு?” என்று கேட்டான்.

“நம்ம கூலிக்காரப் பையன்” என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கூலிக்கு ஆள் வைத்திருக்கிற தவுக்கே, பெரிய முதலாளி என்று காட்டிக்கொள்ள அவருக்கு அவ்வளவு ஆசை. அந்த ஒரு வார்த்தையில் எங்கள் செக்கு கிலாங் ஆகிவிட்டது.

வரியோடு கூட இன்னொன்றும் வந்தது. கிலாங்கில் வேலை செய்கிறவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள், சிவப்பு முத்திரை குத்தி. அது கையில் இருந்தால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். சயாம் என்ற பேச்சு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் மலாக்கா ரயிலின் தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தண்டவாளமே திரும்பி வரவில்லை, மனிதன் எங்கே வரப்போகிறான் என்று பசாரில் பேசிக்கொண்டார்கள். அவன் குளிக்கும்போதும் அந்தப் பட்டையைக் கழற்ற மாட்டான். ஈரமாகிவிட்டால் அடுப்போரம் நான் காயவைத்துக் கொடுப்பேன். அவன் பட்டையைக் கட்டியிருக்கும்வரை எனக்குக் கல்யாணம் உண்டு. அவ்வளவுதான் என் அரசியல்.

அண்ணன் வரியைக் கட்டியிருக்கலாம். கட்ட முடிந்தது. பின்வாசல் எண்ணெயில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். ஆனால் அவருக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வழக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வேலி தாண்டிய ஆட்டுக்காகக்கூடக் கோர்ட் ஏறியவர். வரி ஆபீசில் போய் முறையிட்டார், அவர்கள் விரட்டிவிட்டார்கள். விரட்டியதும் இவருக்கு ரத்தம் கொதித்தது. மேலே கோர்ட்டுக்கு அப்பீல் என்றார்.

கோர்ட் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிற ஒருவரைப் பிடித்து வீட்டுக்கே கூட்டி வந்தார். அந்த மனிதர் எங்கள் அரிசிச் சோற்றைப் பார்த்த சந்தோஷத்தில் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வழி சொன்னார்.

“கூலின்னு சொன்னது வாய் தவறிச் சொன்னதுன்னு மாத்திடுவோம். அவன் உங்க தம்பி. ஒரே அப்பா பிள்ளைங்க. மூணு அண்ணன் தம்பி சேந்து செக்கு ஆட்டறீங்க. கிலாங் எங்க இருக்கு?”

நான் அடுப்படியிலிருந்தே கேட்டேன். “அதுக்கு எங்க கல்யாணத்த முடிச்சிட்டா போதுமே? வீட்டு மாப்பிள்ளைன்னு சொல்லலாமே?”

ஆண்கள் பேசும்போது நடுவில் பேசியதற்கு அண்ணி என்னை முறைத்தாள். மனு எழுதுகிறவர் பதமாகவே பதில் சொன்னார். “இல்லம்மா. மாப்பிள்ளைன்னா வேற குடும்பம். அதோட வரி போட்டது போன மாசங்களுக்கு. அப்பவே இந்த வீட்டு ஆளா இருந்திருக்கணும்.”

“தம்பின்னா கையில இருக்கற பட்டை?” என்றேன்.

“குடும்பத்து ஆம்பளைய யாரு பிடிக்கறா?” என்றார் அண்ணன். “தோட்டத்துல நாதியத்துக் கிடக்கறவனத்தான் பிடிக்கறான்.”

அன்றைக்கு அது பொய்யில்லை. வீடு வீடாக ஆள் எடுக்கிற பழக்கம் அப்போது டவுனுக்கு வரவில்லை.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார் அண்ணன். அதுவரை எங்கள் வீட்டுக்குள் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே பேசுவான், சாப்பாடு கொட்டகைக்குப் போய்விடும். அண்ணன் அவன் தோளில் கை போட்டார். “செக்கு போச்சுன்னா நீயும் அதுவும் எதத் தின்னுவீங்க? அதுக்கும் சேத்துத்தான் கேக்கறேன். கோர்ட்ல வந்து அண்ணன்னு ஒரு வார்த்த சொல்லு. ஜெயிச்ச கையோட தையில தாலி.” ‘அது’ என்றது என்னை.

“முறை மாறிப் போவாதா மச்சான்?” என்று அவன் கேட்டான். அவன் முட்டாள் இல்லை. அவன் கேட்ட அந்தக் கேள்வியை நான் காதால் கேட்டேன்.

“கோர்ட்டுக்காகச் சொல்றதுன்னு சாமிக்குத் தெரியாதா?” என்று அண்ணன் சிரித்தார்.

அவன் என் பக்கம் பார்த்தான். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தாலி என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு எனக்கு வேறெதுவும் விழவில்லை.

கோர்ட் ஆற்றுக்கு அக்கரையில், சிவப்புக் கட்டடங்கள் பக்கம். ஜட்ஜ் நம் நாட்டு மனிதர்தான், வெள்ளைக்காரனுக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவர். பக்கத்தில் ஜப்பான் அதிகாரி ஒருவன். இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்கிற ஆள். நானும் அண்ணியும் பின்னால் நின்றோம். கூண்டில் ஏறி, அண்ணனைக் காட்டி, இவர் என் அண்ணன் என்று அவன் சொன்னான். பிறந்த கடுதாசி எங்கே என்று ஜட்ஜ் கேட்டார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஏது கடுதாசி? சாட்சி சொல்ல ஊரில் யாரும் வரவில்லை. ஜப்பான்காரன் முன்னால் போய் நின்று பொய்யும் சொல்ல மாட்டார்கள், நிஜமும் சொல்ல மாட்டார்கள்.

ஜட்ஜ் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் ஜப்பான்காரனிடம் நல்ல பேர் வாங்க வேண்டும், நம் ஆட்களையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் இந்துக்கள் பொய் சொல்ல மாட்டார்கள், பிள்ளையார் கோயிலில் செய்யட்டும், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். மொழிபெயர்ப்பவன் அதை ஜப்பான் பாஷையில் சொன்னதும், அதிகாரி அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தவன், நிமிர்ந்து உட்கார்ந்தான். தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கோர்ட்டில் பொய் சொல்வது ஒன்று, சூடத்தை அடிப்பது வேறு. எங்கள் ஆட்களில் திருட்டுப் பழி விழுந்தவன்கூடச் சூடம் என்றதும் ஒத்துக்கொண்டுவிடுவான். அதை அணைத்துச் சொன்னது சொன்னதுதான், மாற்ற முடியாது. அவன் கூண்டிலிருந்து அண்ணனைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், வேண்டாம் என்று. வரியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அண்ணன் தலையை ஆட்டினார், செய் என்று.

ஜாலான் துக்காங் எமாஸ் முழுக்கக் கூட்டம். செட்டி கம்போங் ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள், அது அவர்களுடைய கோயிலும்தானே. சூடமே கிடைக்காத காலம். அண்ணன் எங்கேயோ பிடித்துக் கட்டியாக வாங்கி வந்திருந்தார், அதற்கு மட்டும் கை தாராளம். சந்நிதிக்கு முன்னால் தரையில் ஏற்றினார்கள். அவன் குளித்த ஈரத்தோடு நின்று, “இவரு எங்கண்ணன், இவரு கூடப்பொறந்தவங்க எங்கூடப் பொறந்தவங்க” என்று சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். இவர் கூடப் பிறந்தவர்கள் என்று சேர்த்துச் சொல்லச் சொன்னது மனு எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனம். கூடப் பிறந்தவர்களில் நான் ஒருத்தி.

முடிந்தது என்று நினைத்தோம். வெளியே நின்ற ஜப்பான் அதிகாரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. அவனுடைய கூட்டாளி அப்போதுதான் காரிலிருந்து இறங்கினான், அவன் பார்க்கவில்லையாம். இன்னொரு தரம் செய்யச் சொன்னான். அண்ணன் மடியிலிருந்து மீதிச் சூடத்தை எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்தார் என்பதை நான் இன்னும் அழுத்தி எழுத வேண்டும் போலிருக்கிறது. மறுபடி ஏற்றினார்கள். ஏற்கனவே தோல் வழன்றிருந்த அதே கையால் அவன் மறுபடி அடித்தான். இந்தத் தடவை நெருப்பு உடனே அணையவில்லை. ஜப்பான்காரர்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் எங்களோடு நடந்து வந்தாள். கெபாயா சட்டை போட்டு, சாரோங் கட்டி, பிள்ளையாரை விழுந்து கும்பிட்டு, மலாய் பேசுகிறவள். தமிழ் அவளுக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தான். என் கல்யாணத்துக்குத் தன் தங்கக் கொண்டை ஊசியை இரவல் தருவதாகச் சொல்லியிருந்தவள். எங்கள் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சுடா சும்பா, இத்து அபாங்லா” என்றாள். சத்தியம் செய்தாயிற்று, இனி அண்ணன்தான் என்று அர்த்தம். அவள் மனதில் கெடுதல் இல்லை. என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் புரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று அவனுடைய கை கொப்பளித்து மாட்டுக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. கொட்டாங்கச்சியில் எண்ணெய் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றேன். நின்றேனே தவிர உள்ளே போகத் தைரியம் இல்லை. கல்யாணமாகாத பெண் அவன் கையைத் தொடுவதாவது? பின்னால் அண்ணியின் குரல் வந்தது. “ஏன் நிக்கற? போடு, போடு. உன் கூடப்பொறந்தவன்தான? இனிமே யாரு கேக்கப்போறா?”

அப்படித்தான் நான் அவன் கையை முதன்முதலாகத் தொட்டேன். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நான் எண்ணெய் தடவினேன். எனக்கு அண்ணியைச் செக்கில் போட்டு ஆட்ட வேண்டும் போலிருந்தது.

அப்பீல் ஜெயித்தது. எங்கள் செக்கு கிலாங் இல்லை, மூன்று சகோதரர்கள் நடத்தும் குடும்பத் தொழில் என்று தீர்ப்பு. அண்ணன் ஆடு அடித்து விருந்து வைத்தார். ஊரில் எலும்புகூடக் கிடைக்காத நேரத்தில் ஆடு. மனு எழுதுகிறவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அவனையும் அன்றைக்கு வீட்டுக்குள் இலை போட்டு உட்காரவைத்தார்கள். “எந்தம்பி” என்று அண்ணன் எல்லோரிடமும் காட்டினார். அவன் இடது கையால் சாப்பிட்டான். சிரித்துக்கொண்டு இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். அம்மா செத்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குள்ளும் இலை போட்டு உட்காராதவன். அந்தச் சோற்றை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மறுவாரம் வரி ஆபீஸ் ஆள் வந்து பட்டையை வாங்கிக்கொண்டு போனான். கிலாங்கே இல்லை, அப்புறம் பட்டை எதற்கு?

நான் அண்ணனிடம் போய் நின்றேன். “தை வருது” என்றேன்.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “ஊரே பாத்திச்சு. சாமிக்கு முன்னாடி தம்பின்னுட்டு, அந்தத் தம்பிக்கே தங்கச்சியக் கட்டி வச்சா காறித் துப்ப மாட்டாங்களா?”

“சாமிக்குத் தெரியும்னு சொன்னீங்களே?”

“சாமிக்குத் தெரியும். ஜப்பான்காரனுக்குத் தெரியாது. நீ கழுத்துல தாலியோட நின்னா பொய்ச் சத்தியம்னு நம்ம எல்லாரையும் புடிச்சி நகத்தப் புடுங்குவான். பேசாம இரு. சண்ட முடியட்டும்.”

அவர் சொன்னது சரிதான். அதுதான் கொடுமை. அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது.

பேசாமல் இருந்தேன். சண்டை முடிந்தால் சொல்லிவிடலாம், அதுவரை அவன் கொட்டகையில் இருந்தால் போதும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவன் எண்ணெய்க் கொட்டாங்கச்சி வைப்பதை நிறுத்திவிட்டான். தங்கை என்று சத்தியம் செய்துவிட்டு அந்த எண்ணெயை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை போலும். நான் படியைப் பார்த்துப் பார்த்து உள்ளே போவேன்.

தோட்டத்தில் ஆள் தீர்ந்துபோயிற்று. டவுனில் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தலைவரை ஜப்பான்காரனே நியமித்திருந்தான். அவர் வந்து சொன்ன கணக்கு இதுதான். வயது வந்த ஆண் இருவர் இருக்கிற வீட்டைத் தொட மாட்டார்கள். மூவர் இருந்தால் ஒருவரைக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டே ஆண்கள்தான், பிறப்பால். கோர்ட்டில் ஜெயித்தபடி மூன்று.

யாரைக் கொடுப்பது என்று அண்ணன் யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை. என் சொந்தத் தம்பி அண்ணியின் பின்னால் போய் நின்றுகொண்டான். அப்போது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, ஆனாலும் அழுதான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். போக வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை?

ஆள் எடுக்க வந்த அன்று தெருத்தலைவரோடு துப்பாக்கி வைத்த சிப்பாய் ஒருவனும் வந்தான். காலை நேரம், மாடு அப்போதுதான் பூட்டியிருந்தது. அண்ணன் கொட்டகையைப் பார்த்துக் கை காட்டி, “ரெண்டாவது தம்பி போவான்” என்றார். கொப்பரை மூட்டையைத் தூக்கிப் போ என்று சொல்கிற அதே குரல்.

நான் வாசலுக்கு ஓடிவந்தேன். சத்தம் போட்டேன். “தம்பி இல்ல! அவன் எங்க அண்ணனுக்குத் தம்பியே இல்ல! அத்த மவன்! என்னக் கட்டிக்கப் போறவன்! எங்கப்பா சொல்லி வச்சிட்டுப் போனாரு, ஊரக் கேளுங்க!”

செட்டி அம்மாள் வேலியோரம் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், நான் அசையவில்லை. சிப்பாய் என்னைக் காட்டித் தெருத்தலைவரிடம் என்னவோ கேட்டான். தெருத்தலைவருக்கு வேர்த்துவிட்டது. நான் சொல்வது நிஜம் என்று அவருக்கும் தெரியும். நிஜம் என்று மொழிபெயர்த்தால் பொய்ச் சத்தியம், கோர்ட்டை ஏமாற்றியது, ஜப்பான்காரனைக் கோயிலில் வைத்து ஏமாற்றியது, வீடு முழுக்க ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பித்தாய்க்காரனிடம் போகும். அவர் என்னிடம் கேட்கவில்லை, அண்ணனிடம் கேட்கவில்லை. மாட்டுக் கயிற்றோடு வெளியே வந்து நின்ற அவனிடம் கேட்டார்.

“இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?”

அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு நேராக அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“தங்கச்சிங்க” என்றான். “பாசத்துல பேசுது.” பிறகு என்னிடம், “உள்ள போ தங்கச்சி” என்றான்.

வாழ்க்கையில் அவன் என்னைக் கூப்பிட்ட ஒரே சொல் அது. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று செட்டி அம்மாள் பல வருஷம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எனக்கு அவன் மேல் ஆத்திரம் தீரவில்லை. அண்ணன் என்னை விற்றார். இவன் அந்த விலையை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் லாரியில் ஏறினான். லாரி தம்பின் என்கிற ஊருக்குப் போய், அங்கிருந்து ரயிலாம்.

அன்று மாலையே அண்ணன் வேறு ஆள் பார்த்தார், மாடு ஓட்ட. கூலிக்கு இல்லை, குடும்பத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளும்படியான ஆளாக.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைப் பிள்ளைகள் தெருவில் கிழித்து விளையாடின. ஜப்பான்காரன் போட்ட வரி, ஜப்பான்காரன் கோர்ட் சொன்ன தீர்ப்பு எதுவும் செல்லாதாம் என்று பசாரில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் வீட்டுக்கு ஓடிவந்தது நினைவிருக்கிறது. தீர்ப்பு செல்லாதென்றால் அவன் தம்பி இல்லை. அவன் வந்தால் போதும், வந்த அன்றே கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இருந்தேன். தம்பின் பக்கமிருந்து லாரி வருகிற போதெல்லாம் ரோட்டில் போய் நின்றேன். எலும்பும் தோலுமாக யார் யாரோ இறங்கினார்கள்.

கடைசியில் ஓர் ஆள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். காலில் ஆறாத புண், இலை வைத்துக் கட்டியிருந்தார். காஜா பேராங்கில் செக்கு வைத்த வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். அண்ணன் பெஞ்சில் உட்காரவைத்தார். நான் கதவோரம் நின்றேன்.

“உள்ளங்கையில சூட்டுத் தழும்பு இருக்கும், அவருங்க. எங்க கும்பல்லதான் இருந்தாரு” என்றார் வந்தவர். “அவரு சம்சாரத்தப் பாக்கணும்.”

“சம்சாரமா? அவனுக்குக் கல்யாணமே ஆவல” என்றார் அண்ணன். “நாந்தான் அவன் அண்ணன். என்னா விசயம், எங்கிட்ட சொல்லு.”

வந்தவர் குழம்பிப்போனார். “ஊர்ல பொண்டாட்டி இருக்குன்னாரே. தெனம் சொல்லுவாரு. முத எண்ணெய அதுக்குத்தான் எடுத்து வைப்பேன்னு சொல்லுவாரு.”

“இங்க இருக்கறது தங்கச்சி ஒண்ணுதான்” என்று அண்ணன் என்னைக் காட்டினார். ஜப்பான்காரன் போயும், தீர்ப்பு போயும், கேட்க ஆளில்லாத போதும், அவர் அதையே சொன்னார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். “நீங்க அவரு தங்கச்சிங்களா?”

“அவனுக்குத் தங்கச்சி யாரும் கெடையாது” என்றேன்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என்னிடம் சொன்னார். காலரா. நோய் கண்டவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டார்களாம். ஆட்கள் நிறைந்ததும் கொட்டகையோடு கொளுத்திவிட்டார்களாம். “மூச்சு இருந்துச்சும்மா” என்றார். “நா வெளிய நின்னு பாத்தேன். இருந்துச்சு.”

அண்ணன் எழுந்து செக்கடிக்குப் போய்விட்டார். மாடு மாற்றுகிற நேரம்.

அண்ணி கிணற்றில் தண்ணீர் இறைத்து வாளியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “கூடப்பொறந்தவன் செத்த சேதி வந்திருக்கு, தலை முழுவு” என்றாள். உடன்பிறந்தவளாகக் குளிக்க எனக்கு இஷ்டமில்லை. பெண்டாட்டியாகக் குளிக்க எனக்குத் தாலி இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன்.